இலையோடு எடுத்துக்கொண்டவர்

கனகலிங்கம் தன் வாழ்நாளில் முதன்முதலாகக் கோழி வாங்கப் போனபோது முகக்கவசம் போட்டுக்கொண்டு போனார். சளி ஒன்றும் இல்லை. மலாக்காவின் தெங்கேராவில் அவரைத் தெரியாத நாய்கூட இல்லை என்பதுதான் காரணம். அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா யாழ்ப்பாணத்தில் கப்பல் ஏறிய நாளிலிருந்து வீட்டில் சைவம். கல்யாண விருந்தில் ஐஸ்கிரீம் வந்தாலும், முட்டை உண்டா என்று விசாரித்த பிறகுதான் கரண்டியைத் தொடுவார். அப்பேர்ப்பட்டவர் காலங்காத்தால கோழிக்கடை முன்னால் நின்று, இது தமக்கல்ல, வேறொருவருக்கு என்று, கேட்காத கடைக்காரரிடம் மலாயில் விளக்கிக்கொண்டிருந்தார். துண்டு போடவா, முழுசாகவா என்றார் அந்தச் சீனர். சாப்பிடப் போகிறவருக்குப் பல் எப்படி என்று கனகலிங்கத்துக்குத் தெரியாது. மனைவிக்குப் போன் போட்டார்.

"முழுசா வாங்குங்கோ," என்றார் சந்திராதேவி. "முனி சாமிக்கு ஆரும் சூப்புத் துண்டு வைக்கிறவையே?"

எல்லாம் ஒரு வீடியோ செய்த வேலை. மகள் தர்மினி மெல்பர்னில் பிள்ளைத்தாய்ச்சியாகப் படுத்த படுக்கையில் இருந்தாள். முன்பு தரித்தவை நிற்கவில்லை. இதாவது நிற்குமா என்று டாக்டர்களும் வாயைத் திறக்காமல் இருந்த நாட்களில், யாரோ சந்திராதேவியின் போனுக்கு அதை அனுப்பினார்கள். லூபோக் சீனா ஊருக்கு அப்பால், லிங்கி ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில், கடல் டிவிசன் என்ற பழைய தோட்டத்து முனீஸ்வரர் படையலை எடுத்துக்கொள்ளும் காட்சி. பூசாரி மணி அடித்துக்கொண்டே ஆற்றுச் சேற்றில் இறங்குகிறார். வாழையிலையில் சோறு, கோழி, முட்டை, சுருட்டு. வைத்ததும் எல்லோரும் திரும்பி, பின்னால் பார்க்காமல் மேடேறுகிறார்கள். முனிக்கு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது, அது முறை. கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் வெறும் சேறு. சோறும் இல்லை, சுருட்டும் இல்லை, இலைகூட இல்லை. நாய் தின்றால் இலையை விட்டுவைக்கும், உடும்பு தின்றால் இறைத்து வைக்கும். இவர் இலையோடு எடுத்துக்கொள்கிறார்.

பிள்ளை நல்லபடி பிறந்தால் அதே ஆற்றங்கரையில் படையல் போடுகிறேன் என்று சந்திராதேவி நேர்ந்துகொண்டார். பேரன் பிறந்தான். அழுகையைக் கேட்டால் மெல்பர்னிலிருந்து மலாக்காவுக்குப் போனே தேவையில்லை. ஆக, கோழி.

மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டிச் செம்பனைக் காடு தொடங்கியது. பழ லோரி ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போக, சிந்திய பழங்களின் மேல் கார் நறநறத்தது. லூபோக் சீனாவுக்குப் பிறகு தார் ரோடு செம்மண்ணாகி, செம்மண் உப்பு வாசம் அடிக்கும் கறுப்பு மண்ணாகியது. மார்ச் மாத வெயில். சுமத்ரா பக்கமிருந்து கடல் தாண்டி வந்த பருந்துகள் வானத்தில் சுழன்றுகொண்டிருந்தன. டிக்கியில் இருக்கும் கோழி அவற்றுக்குத் தெரிந்துவிட்டதோ என்று கனகலிங்கத்துக்கு ஒரு சந்தேகம். சொன்னார். சந்திராதேவி சிரிக்கவில்லை. கணவரின் நகைச்சுவையை அவர் கல்யாணமான புதிதிலேயே கேட்டு முடித்துவிட்டார்.

கடல் டிவிசனில் எஸ்டேட் இல்லை. அதை விற்று நாளாயிற்று. பேரும், போக மனமில்லாத சில குடும்பங்களும்தான் மிச்சம். தகரக் கூரை வீடுகள், முருங்கை மரங்கள், ஒரு கொய்யாவில் கூட்டமாக உட்கார்ந்து மண்டையை ஆட்டும் இருவாட்சிகள். வீடுகள் தொடங்கும் இடத்தில் ஓர் ஆலமரம், அடியில் சூலம். அதைத் தாண்டினால் நிலம் சரிந்து பாக்காவ் என்னும் அலையாத்திக் காட்டுக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் இறங்கியது. சரிவின் தலைப்பில் முதலை படம் போட்ட மஞ்சள் எச்சரிக்கைப் பலகை. அதற்குக் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள்.

பூசாரி பாலகிருஷ்ணன் பழ லோரி ஓட்டுகிறவர், சுருட்டும் பழமும் வாங்க லூபோக் சீனா போயிருந்தார். அவர் மனைவி திலகாதான் வரவேற்றாள். நாற்பது வயதிருக்கும். தொளதொள டீ சர்ட், சாரோங், சிரிக்க அவசரப்படாத முகம்.

"வாங்க ஆண்ட்டி, வாங்க அங்கிள். பசியாறிட்டீங்களா? டீ தண்ணி கலக்கட்டுமா?"

அவர்கள் சைவம் என்று எப்படியோ கேட்டு வைத்திருந்தாள். அவித்த மரவள்ளியும், பிளாச்சான் என்ற இறால் விழுது போடாத சம்பலும் தயாராக இருந்தன. கனகலிங்கம் முதல் கவளத்தில் கண் கலங்கினார், காரத்தால்தான். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கோழிப் பையைத் திலகா பேசாமல் வாங்கி, கழுவி, மஞ்சள் தடவினாள். அம்மியில் மசாலா அரைபட்டது. சந்திராதேவி நேர்த்திக் கதையை மெல்பர்ன் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தொடங்கிச் சொல்ல, அவள் நடுவில் ஒரு கேள்விதான் கேட்டாள்: பிள்ளை நல்லாப் பால் குடிக்குதா. குடிக்கிறான் என்றதும் முதல்முறையாகச் சிரித்தாள்.

சுவரோரம் கூர் மழுங்கிய இரும்புக் கம்பி ஒன்று துரு ஏறிச் சாய்ந்திருந்தது. பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெரிய பேசின். அது எதற்கு என்று கனகலிங்கம் சும்மா கேட்டு வைத்தார். லோக்கான் குத்துகிற கம்பி என்றாள் திலகா. லோக்கான் என்பது உள்ளங்கை அளவு சேற்றுச் சிப்பி. தண்ணீர் வற்றும் நேரத்தில் முழங்கால் சேற்றில் நடந்து கம்பியால் குத்திக்கொண்டே போக வேண்டும். சேறு சத்தம் போடாது, சிப்பியில் பட்டால் டக்கென்று கேட்கும். குனிந்து எடுத்துப் பேசினில் போட வேண்டியதுதான். லூபோக் சீனா பாசாரில் அவள் சிப்பி வந்தால் மலாய்க்கார அம்மாக்கள் வேறு யாரிடமும் வாங்க மாட்டார்கள்.

"இப்பப் போறதில்லையோ பிள்ளை?"

"காட்டுறேன் அங்கிள், வாங்க," என்றாள். குழம்பு கொதிக்கட்டும் என்று அடுப்பைத் தணித்துவிட்டு நடந்தாள்.

சரிவின் தலைப்பில், மாலை போட்ட பலகைக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். கீழே ஆறு பால் டீ நிறத்தில் அகலமாகக் கிடந்தது. எதிர்க்கரையில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டு மீன் தின்றது. தூரத்தில் ஆறு முடிந்து கடல் வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. கனகலிங்கம் போனை எடுத்துப் படம் பிடித்தார். எடுத்தவற்றில் பாதி அவர் கட்டைவிரல்.

திலகா நடந்ததைச் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர் வற்றியிருந்தது. அவள் பாக்காவ் மரங்களுக்குப் பின்னால் லோக்கான் குத்திக்கொண்டிருந்தாள். புருஷன் மணி அடித்துக்கொண்டு படையலோடு இறங்கியதைப் பார்த்தாள். எல்லோரும் வைத்துவிட்டு முறைப்படி திரும்பி நடந்தார்கள். அவள் பூசையில் இல்லை, அதனால் திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் முதுகு மறைவதற்குள் தண்ணீரிலிருந்து அது வந்தது. இரண்டு ஆள் நீளம். வாயைப் பக்கவாட்டில் சாய்த்து, சோறு, கோழி, இலை, சுருட்டு எல்லாவற்றையும் சேற்றோடு சேர்த்து ஒரே வாரு.

"புருசன்கிட்ட சொல்லேல்லையோ?"

"சொன்னேன். மறுநாள் நடந்ததையும் சொன்னேன்." குரலைத் தாழ்த்தினாள். "மறுநாள் நான் பேசினத் தலையில வச்சிக்கிட்டு எறங்குறேன். அது அங்கயே கெடக்கு. முன்னெல்லாம் ஆளக் கண்டா ஓடிரும் அங்கிள், நான் பாக்காத மொதலையா? இது ஓடல. என்னயப் பாக்கல. பேசினப் பாக்குது."

கனகலிங்கம் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு ஓரடி பின்னால் வந்தார். தலையில் பாத்திரத்தோடு இறங்குகிறவர்கள் சோறு கொண்டு வருவார்கள் என்று அதற்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் இவர்களே எடுத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து திலகா சேற்றில் இறங்கவில்லை. அடுத்த வாரம் கோயில் தலைவர் தனபாலன் தண்ணீர் வரைக்கும் சிமெண்டுப் படி கட்டப் போகிறார். பிறகு பஸ் வரும், பிள்ளைகள் வருவார்கள். இன்றைக்கு இந்தப் படையல் கீழே இறங்கக் கூடாது என்பதுதான் அவளுக்கு வேண்டியது.

"நேந்துக்கிட்டவங்க நீங்க. மேலயே வைங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா அவரு மறுக்க மாட்டாரு."

சொல்கிறேன் என்பதற்குப் பதிலாகக் கனகலிங்கம், எங்கள் வீட்டில் என் வார்த்தைக்கு மதிப்பு கூட, அதனால்தான் அதிகம் செலவழிப்பதில்லை என்றார். அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குழம்பைக் கிண்டப் போய்விட்டாள். அவருக்கு உடனே தன் நாக்கைக் கடிக்கவேண்டும் போல் இருந்தது. ஆபீசிலும் இப்படித்தான். முடிவெடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு பகிடியை வைத்துவிட்டு நகர்ந்தே ஓய்வு பெற்றவர்.

பாலகிருஷ்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல கறுப்பு, நல்ல சிரிப்பு. கூடவே தனபாலன், முனீஸ்வரர் படம் அச்சடித்த டீ சர்ட்டில். கனகலிங்கம் தைரியத்தைத் திரட்டி, முதலையைப் பற்றி ஏதோ கேள்விப்பட்டதாக இழுத்தார். மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தார். பாலகிருஷ்ணன் மறுக்கவே இல்லை.

"மொதலதான் சார். யாரு இல்லன்னா? அய்யா வேற எப்படி வருவாரு, கிராப் டாக்சி புடிச்சா?"

அதுதான் சிக்கல் என்று கனகலிங்கத்துக்கு அப்போது விளங்கியது. பொய் என்றால் உடைக்கலாம். இங்கே உண்மைக்கே மாலை போட்டுவிட்டார்கள்.

அடுப்படியிலிருந்து திலகாவின் குரல் வந்தது. "அய்யான்னா என் பேசின ஏன்யா பாக்குறாரு?"

"அதான் லோக்கான் குத்துறத விடுன்றேன்லா. நான் லோரி ஓட்டுறேன், சோத்துக்கு என்னா கொறச்சல்?"

"எஸ்டேட்ட வித்தப்ப பெம்பான், ஜாசின்னு எல்லாரும் போனாங்க. நான் போவல. அந்தச் சேறு இருக்குன்னு இருந்தேன். இப்ப ஒன் சாமிக்கு எடம் வேணும்னு என்னய மேட்டுல ஒக்காரச் சொல்ற. ஒக்கார மாட்டேன்."

"பெண்டுங்க பேச்சு," என்றார் தனபாலன் பொதுவாகக் காற்றிடம். படிக்கு ஒதுக்கிய மணல் நேற்றே வந்து இறங்கிவிட்டது என்பதையும் சொன்னார்.

சந்திராதேவி இதையெல்லாம் கேட்டபடி வாழைப்பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கனகலிங்கம் பக்கத்தில் போய், இஞ்சரும், மேலயே வைப்பமோ என்று கிசுகிசுத்தார். ஆற்றங்கரை என்று நேர்ந்தது ஆற்றங்கரைதான், சாமியிடம் சொன்ன சொல்லை மாற்ற முடியாது, பேரனுக்கு ஏதும் ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. கனகலிங்கமும் ஒரு பழத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

வெயில் சாய்ந்தபோது ஆட்கள் சேர்ந்தார்கள். ஈரக்காற்று கடலிலிருந்து வீசியது. திலகா சமைத்ததை அவளே தாம்பாளத்தில் பரப்பினாள். ஆவி பறக்கும் சோறு, முழுக்கோழி, அவித்த முட்டைகள், பழம், சுருட்டு. உப்புப் பார்க்காமலே குழம்பு சரியாக இருக்கும் என்று வாசனை சொன்னது. சைவக்காரரின் மூக்குக்கு வெட்கமில்லை. பாலகிருஷ்ணன் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, ஆலமரத்தடியில் கும்பிட்டார். வலது கையில் மணியை எடுத்துக்கொண்டு தாம்பாளத்துக்குக் கை நீட்டினார்.

திலகா அதைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"குடு திலகா. ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். அய்யாதான? அய்யா என்னய ஒண்ணும் செய்ய மாட்டாரு. இன்னிக்கு நான் கொண்டுபோறேன். நீ மணிய அடி."

சொல்லிவிட்டு நடந்தாள். வேகமாக இல்லை, பாசாருக்குப் போகிற நடை. மஞ்சள் பலகையைத் தாண்டி, சரிவில் இறங்கி, சேற்றில் கால் வைத்தாள். கணுக்கால், பிறகு கெண்டைக்கால். கூட்டம் முணுமுணுத்தது. தனபாலன் வீடியோவைத் தொடங்கியிருந்தார். பாலகிருஷ்ணன் என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தார். மணியை அடித்தார்.

ஆற்றின் நடுவே தண்ணீர் கீறியது.

கனகலிங்கம் முதலில் அதைக் காற்று என்று நினைத்தார். காற்று வளைந்து வராது. பழுப்புத் தண்ணீரில் ஒரு கோடு, அதன் முனையில் இரண்டு மேடுகள், நேராகக் கரையை நோக்கி, தாமதமான பஸ் நிலையத்துக்கு வருவது போல வந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் நீர்நாய்கள் எப்போதோ காணாமல் போயிருந்தன. திலகா நின்றாள். பின்வாங்கவில்லை. தலையில் தாம்பாளம் ஆடாமல் இருந்தது.

இத்தனை வெள்ளிக்கிழமைகளில் பாலகிருஷ்ணன் ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. முறை தவறாதவர், வைத்ததும் திரும்பியவர். இப்போது படையல் தரையில் இல்லை, அதனால் திரும்பவும் முடியவில்லை. கோடு கரையைத் தொடுவதற்குள் அவர் கையிலிருந்த மணி விழுந்தது. வேட்டியோடு சரிவில் சறுக்கி, சேற்றில் விழுந்து எழுந்து, மனைவியின் டீ சர்ட்டைப் பிடித்து இழுத்தார். தாம்பாளம் சாய்ந்து ஒரு முட்டை உருண்டது. சேற்றில் மெதுவாக, அவசரமில்லாமல், தண்ணீர் வரைக்கும் போனது. தண்ணீர் ஒருமுறை வாயைத் திறந்து மூடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர் யாரும் அதைச் சாமியின் சத்தம் என்று சொல்ல மாட்டார்கள்.

கூட்டம் மேட்டை நோக்கி ஓடியது. கோயில் தலைவர் தனபாலன் எல்லா விஷயத்திலும் போலவே இதிலும் முன்னால் இருந்தார்.

பாலகிருஷ்ணன் மனைவியை ஆலமரத்தடி வரைக்கும் விடாமல் இழுத்து வந்தார். இருவரும் இடுப்புவரை சேறு. மிச்சத் தாம்பாளத்தை அவள் இன்னும் கீழே போடவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. கோபப்பட வாய் திறந்தார், வந்தது வேறு.

"ஏன்டி நின்ன? ஓடி வர வேண்டியதுதான?"

"நீ வர்றியா, இல்ல அய்யா பாத்துக்குவாருன்னு மணி அடிச்சிக்கிட்டு நிப்பியான்னு பாத்தேன்."

அவர் தாம்பாளத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். கூட்டத்தில் யாரோ, சுட்டுத் தள்ளச் சொல்லி வனவிலங்கு ஆபீசுக்குப் போன் போடலாம் என்றார்கள். திலகா தலையை ஆட்டினாள். அது வேண்டாம், அதற்குப் பழக்கம் சொல்லிக் கொடுத்தது நாம்தான் என்றாள். தனபாலன் தூரத்திலிருந்தே, மேலே வைத்தால் அய்யா எடுத்துக்கொள்ள மாட்டார், தெய்வக் குற்றம் ஆகிவிடும் என்று குரல் கொடுத்தார். எல்லோரும் நேர்ந்துகொண்ட அம்மாளைப் பார்த்தார்கள். கனகலிங்கமும் பார்த்தார். ஒரு பகிடிகூட அவருக்குத் தோன்றவில்லை. அதுவே அவருக்குப் புதிதாக இருந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சந்திராதேவி அந்தக் கையை விடாமல் ஓரடி முன்னால் வந்தார்.

"என்ர பிள்ளைக்குப் பிள்ளை தங்க வேணும் எண்டுதான் நேர்ந்தனான். அதுக்கு இன்னொருத்தி பெத்த பிள்ளையத் தாறன் எண்டு நான் சொல்லேல்ல. இஞ்சயே வையுங்கோ தம்பி."

"அய்யா காவலுக்கு நிக்கிறவரு," என்றாள் திலகா, புருஷனிடம், கொஞ்சம் தணிந்து. "காவக்காரனுக்கு ஆத்துக்குள்ள என்னா வேல? பசிச்சா காவக்காரன் வீட்டுக்கு வந்து சாப்புடுவான். நாம சோத்தத் தூக்கிக்கிட்டு அவன் பின்னாடி ஓடக் கூடாது."

பாலகிருஷ்ணன் சூலத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், மனைவியின் காலில் காய்ந்துகொண்டிருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இனிமேல் மேட்டில்தான் படையல், அய்யா உத்தரவு என்றார். உத்தரவு எந்த அய்யாவிடமிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த மணலைக் கொண்டு மரத்தடியில் ஒரு மேடை கட்டலாம் என்று, அதுவும் தன் யோசனைதான் என்பதுபோல், தனபாலன் சொன்னார்.

சூலத்தின் முன்னால் புது இலை விரித்தார்கள். யாரோ கீழே கிடந்த மணியைத் துடைத்துக் கொண்டுவந்து நீட்ட, பாலகிருஷ்ணனின் கை பழக்கத்தில் அதை வாங்கி உயர்த்தியது. திலகா எட்டி, மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் வேணாம். கீழ காத்துக்கிட்டுக் கெடக்கு."

கடல் டிவிசன் முனீஸ்வரருக்கு அன்று மணியில்லாமல் பூசை நடந்தது. கற்பூரம் எரியும் சத்தம்கூடக் கேட்டது. கும்பிட்டு முடித்ததும் ஒருவரும் திரும்பி நடக்கவில்லை, படையலைச் சுற்றியே நின்றார்கள். சோறு அப்படியே இருந்தது. கோழி அப்படியே இருந்தது. ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. எல்லோருக்கும் லேசான ஏமாற்றம்தான், மறைப்பானேன்.

வைத்ததை இனி மனிதர்கள்தான் தின்ன வேண்டும். நேர்ந்துகொண்டவருக்குத்தான் முதல் இலை என்று பாலகிருஷ்ணன் சந்திராதேவியைப் பார்க்க, அவர் அவசரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கனகலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல் இலைய அந்தப் பிள்ளைக்கு வையும் தம்பி. இண்டைக்குக் காவல் நிண்டது அவதான்."

பாலகிருஷ்ணன் இலை போட்டார். சோறு வைத்து, கோழியில் நல்ல தொடையாகப் பிய்த்து வைத்து, குழம்பு ஊற்றும்போது இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தினார். திலகா கை கால் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் சாரோங்கில் துடைத்துக்கொண்டு, ஆற்றைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து, பசியோடு சாப்பிட்டாள். கீழே தண்ணீரோரம் இன்னும் இரண்டு மேடுகள் அசையாமல் நின்றன. அவள் எலும்பைக் கடித்து, உறிஞ்சி, இலை ஓரத்தில் வைத்தாள்.

"பாத்துக்கிட்டே இரு," என்றாள் ஆற்றிடம். "இனி ஒண்ணும் வராது. பசிச்சிப் போயி, மீனுங்களத் தேடிக்கிட்டுப் போ. நீ மறந்தப்பறம் நான் எறங்குவேன்."

பிறகு புருஷன் பக்கம் இலையைச் சற்றுத் தள்ளி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.